‘அங்கே பாத்ரூம் எப்படி இருக்கும்?’

கேள்வி:

டாக்டர், எனக்கு 54 வயது. திருச்சியில் பள்ளி ஆசிரியை. அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறார். இந்த ஐப்பசியில் அவருக்கு 80 வயது நிறைந்தது. அண்ணன் துபாயில் இருக்கிறார், தம்பி சென்னையில். அண்ணன் பிள்ளைகளுக்கு டிசம்பரில்தான் லீவு என்பதால், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய ஒரு வீட்டை டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறோம். பத்து மாதக் கொள்ளுப்பேத்தி வரை மொத்தம் பதினேழு பேர்.

அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி எல்லாம் உண்டு. கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார். காதும் கொஞ்சம் மந்தம். கையைப் பிடித்துக்கொண்டால் நடப்பார். கடல் தெரிகிற மாடி அறையைத்தான் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும், நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்கிறார் அண்ணன். பயணத்தன்று நீர் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் அண்ணி. நான் தயங்கினால், ‘நீதான் அம்மாவை நோயாளி ஆக்குகிறாய்’ என்கிறார்கள். அம்மாவிடம் கேட்டால் ‘எனக்கு எதுக்குடி பிறந்தநாள், உங்க இஷ்டம்’ என்கிறார். அங்கே பாத்ரூம் எப்படி இருக்கும் என்று மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டார். அழைத்துப் போகலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அழைத்துப் போங்கள். கையைப் பிடித்து நடக்கிற, ஆளைத் தெரிகிற, தன் பேச்சைத் தானே பேசுகிற எண்பது வயதுக்காரரை வீட்டிலேயே வைத்திருக்க நீங்கள் சொன்ன நோய்கள் போதுமான காரணமாக எனக்குப் படவில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அம்மா மூன்று தடவை கேட்ட அந்தக் கேள்வியைத்தான். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதியவர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வரும் எனக்கு, கடிதத்தின் மையமே அதுதான் என்று தோன்றுகிறது. நீர் மாத்திரை சாப்பிடுகிறவர், சர்க்கரை உள்ளவர், இரவில் இரண்டு மூன்று தடவையாவது எழுந்து போவார். வீட்டில் இருட்டிலும் அவருக்கு வழி தெரியும். எந்தச் சுவரைத் தொட வேண்டும், எந்த இடத்தில் படி இறங்கும், எந்தக் கதவு இழுத்தால் திறக்கும் என்று கால் பழகியிருக்கிறது. புது வீட்டில் அதெல்லாம் கிடையாது. மருமகன், பேரன்கள், பேத்தியின் கணவர் எல்லோரும் இருக்கிற வீட்டில் போகிற வழியில் புடவை நனைந்துவிட்டால் என்ன செய்வது, வேற்றார் மெத்தை ஈரமாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு இருக்கும். இதை அவர் மகளிடம்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ‘பாத்ரூம் எப்படி இருக்கும்’ என்றுதான் கேட்பார். ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா’ என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மாவை ஒரு முறை கடலோர ஊர் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். மாத்திரைகளை எல்லாம் நானே எண்ணி எடுத்து வைத்தேன். தங்கிய இடத்தின் கழிவறையை மட்டும் போய்ப் பார்க்கவில்லை. கீழே உட்காரும் வகை, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். மறுநாள் இரவு என்னை அவருடைய தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘மாட்டைக் கட்டினியா’ என்று கேட்டார். உடலில் நீர் வற்றி, புது இடத்தில் தூக்கமும் கெட்டு வந்த குழப்பம் அது. டெலிரியம் என்போம். தண்ணீர் ஏறி, சொந்த வீட்டுக் கட்டிலுக்குத் திரும்பி இரண்டு நாளில் தெளிந்துவிட்டார். எனக்குத்தான் அந்த இரவு இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து யார் பயணம் என்று வந்து கேட்டாலும் கழிவறையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறேன்.

ஆகவே தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு நேரில் போகச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் அறுபது கிலோமீட்டருக்குள்தான். வாடகை வீட்டுப் படங்களில் நீச்சல் குளம் தெரியும், ஊஞ்சல் தெரியும். கழிவறை வாசலில் எத்தனை அங்குலம் படி இருக்கிறது என்பது தெரியாது. கீழ்த்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, கட்டிலிலிருந்து அதற்கு எத்தனை அடி, இடையில் தடுக்க என்ன இருக்கிறது, தரை ஓடு ஈரத்தில் வழுக்குமா, உட்கார்ந்து எழும்போது பிடிக்கச் சுவரில் ஏதாவது உண்டா என்று பார்த்து வரட்டும். துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடி என்று எண்ண வேண்டாம். ஆள் பாரம் விழுந்தால் அது கையோடு வந்துவிடும். கைப்பிடி இல்லையென்றால் இரண்டு பக்கமும் கை வைக்கும் கமோடு நாற்காலி ஒன்றைக் கொண்டு போங்கள். மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும், வாடகைக்குத் தருகிறவர்களும் உண்டு. இரவில் அதைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுவிடலாம். ரப்பர் ஷீட் ஒன்றை நீங்களே மெத்தையில் விரித்து, மேலே விரிப்பைப் போட்டுவிடுங்கள். யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். டயப்பர் பற்றி யோசித்தால், அம்மாவிடம் தனியாக, கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

குளிக்க ஒரு உறுதியான பிளாஸ்டிக் ஸ்டூல், வழுக்காத மிதியடி, இரவு முழுக்க எரிகிற சின்ன விளக்கு ஆகியவையும் வேண்டும். கழிவறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடாமல் சாத்தினால் போதும் என்று அம்மாவிடம் சொல்லி, வெளியே ஆள் நில்லுங்கள். இரவில் எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் நிற்கட்டும். ரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்ந்தால், சட்டென்று எழும்போது அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கடற்கரை வீட்டில் இன்னொரு தொல்லை, பிள்ளைகள் கடலிலிருந்து ஈரக்காலோடும் மணலோடும் ஓடி வருவார்கள். ஓட்டுத் தரையில் மணல் கிடந்தால் பெரியவர்கள் நேராகக் கீழே போவார்கள். வாசலில் கால் கழுவ ஒரு வாளியும் துடைக்க ஒரு சாக்கும் வையுங்கள். அந்தப் பொறுப்பைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றிடம் ஒப்படையுங்கள். ‘அம்மாயி விழக் கூடாது, நீதான் காவல்’ என்று சொன்னால் அவர்கள் பெரியவர்களைவிடக் கண்டிப்பாக இருப்பார்கள்.

மாடி அறை விஷயத்தில் அண்ணனின் மனசு எனக்குப் புரிகிறது. வீட்டிலேயே நல்ல அறை அம்மாவுக்குத்தான் என்று நினைக்கிறார். அவரிடம் சண்டை போடாமல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: தூக்கிக்கொண்டு ஏறலாம் சரி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை? காபிக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு ஒருமுறை, கொள்ளுப்பேத்தி குப்புற விழுந்து தவழ்வதைப் பார்க்க ஒருமுறை என்று அம்மா பிள்ளைகளைக் கூப்பிடுவாரா? மாட்டார். ‘நான் இங்கேயே இருக்கேன், நீங்க போங்க’ என்பார். கீழே பதினாறு பேர் சிரிக்கிற சத்தம் கேட்க, அவர் மேலே தனியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலு பேர் பிடித்தாலும் படியில் நாற்காலி சாய்ந்தால் இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிய அது போதும். கீழ்த்தளத்தில் கூடத்துக்கு ஒட்டிய அறைதான் அம்மாவுக்கு. கடலைப் பார்க்கத் திண்ணையோ வராந்தாவோ இருக்கும். டிசம்பர் கடைசியில் அந்தக் கரையில் ஆறரை மணி வாக்கில் சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும். அண்ணன் அம்மாவுக்கு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, சால்வையைச் சுற்றி, அவரோடு அங்கே உட்கார்ந்து காபி குடிக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை வருகிற மகனுக்கு அந்த அரை மணி நேரத்தைவிட நல்ல இடம் இந்த வீட்டில் கிடைக்காது.

நீர் மாத்திரையைப் பற்றி. நீங்களாக நிறுத்தவே கூடாது. கால் வீக்கத்துக்கு என்று எழுதியிருக்கிறீர்கள், அதன் பின்னால் இதயம் இருக்கிறதா, சிறுநீரகம் இருக்கிறதா என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. நிறுத்தினால் சிலருக்கு மூச்சுத் திணறலே வந்துவிடும். நேரத்தை மாற்றலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அது ப்ரூசமைடு வகையாக இருந்தால், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் போலச் செய்யும். காலை எட்டு மணிக்குப் போட வேண்டியதை அன்று ஒரு நாள் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போடலாம் என்று பல மருத்துவர்கள் அனுமதிப்பார்கள். அப்படியே இன்னொன்று: பயணத்தில் வாந்தி வராமல் இருக்க அவில் மாத்திரை கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். எண்பது வயதில் வேண்டாம். அதுவே குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டு வரும்.

காரில் வருவதைவிட ரயில் நல்லது என்பேன். திருச்சியிலிருந்து சென்னை போகும் பல ரயில்கள் செங்கல்பட்டில் நிற்கும். அங்கிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்தான், தம்பி காரோடு வந்து நிற்கட்டும். ரயிலில் கழிவறை கூடவே வருகிறது என்ற தைரியத்தில் அம்மா தண்ணீர் குடிப்பார். ஆனால் ஓடுகிற ரயிலில் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். காரில்தான் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். கேட்க மாட்டார்.

டிசம்பர் 31 இரவை மட்டும் விட்டுவிடுங்கள். அன்று அந்தச் சாலை முழுவதும் கூட்டம், ஒலிபெருக்கி, வெடி. அம்மா தூங்க முடியாது. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வருவதும் சிரமம். மூன்று நாள் முன்னதாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பெரும்பாலும் வாடகையும் குறையும்.

சாப்பாட்டு நேரம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். கேக் வெட்டி, படம் எடுத்து, பதினேழு பேருக்கு இலை போட்டு முடிக்கும்போது மணி இரண்டரை ஆகிவிடும். காலையில் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவருக்கு அதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். ‘பிள்ளைங்க மொதல்ல சாப்பிடட்டும்’ என்று சொல்லியே வளர்ந்த தலைமுறை அது. ஆகவே வீட்டில் எந்த நேரத்துக்குச் சாப்பிடுவாரோ அதே நேரத்துக்கு அங்கேயும் இலை போடுங்கள், தனியாக இல்லாமல் யாராவது கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். திடீரென்று வியர்த்தாலோ, கை நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ, குளுக்கோமீட்டரில் பாருங்கள். குறைவாக இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், சரியானதும் சாப்பிட வையுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். பக்கத்தில் பெரிய அரசு மருத்துவமனை செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அந்த வீட்டின் முகவரியை, சாலையிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பது உட்பட, ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் வாடகை வீட்டின் முகவரி யாருக்கும் வாயில் வராது.

அம்மா திடீரென்று ஆளை மாற்றிப் பேசினால், நேரம் காலம் புரியாமல் விழித்தால், ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம் அது.

சத்தம் அதிகமானதும் எழுந்து போய்ப் படுத்துவிடுவாரா உங்கள் அம்மா? காது மந்தமான பலர் அப்படித்தான். குடும்பத்தில் அதை ‘அவங்களுக்குப் பிடிக்கலை’ என்று எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் பேசினால் புரிகிற காதுக்கு, ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வெறும் இரைச்சல்தான். சிரிக்கிறார்கள், எதற்கென்று தெரியவில்லை. தன்னைப் பற்றியோ என்றுகூட நினைப்பார். அதனால் மாலை நாலு மணியிலிருந்து ஒவ்வொருவராக அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். முகத்தைப் பார்த்து, கத்தாமல், நிதானமாகப் பேசினால் போதும். துபாய்ப் பேரனுக்குத் தமிழ் தடுமாறினால், அவன் கைப்பேசியில் இருக்கிற படங்களைக் காட்டட்டும். அப்பாயியின் கல்யாணப் படத்தைக் கொண்டுபோய் இது யார், அது யார் என்று கேட்கட்டும். மதியம் இரண்டு மணி நேரம் அவர் அறைப் பக்கம் யாரும் போகாதீர்கள்.

ஊர் சுற்றுவது ஒரே ஓர் இடம் போதும். அம்மாவுக்கு விருப்பம் என்றால் மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் கோயில், அல்லது சென்னை போகும் வழியில் திருவிடந்தை. இரண்டும் திவ்ய தேசங்கள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி எந்த நாளில் வருகிறது என்று பார்த்து, அந்தக் கூட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். கடற்கரைக் கோயிலும் அர்ச்சுனன் தபசும் இளையவர்கள் பார்த்துவிட்டு வரட்டும்.

கடலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் இருக்க முடியாது. டிசம்பரில் அந்தக் கடல் அடங்கியிருக்காது. கால் தரையில் பாவுகிற ஆழத்திலேயே ஆளை இழுக்கிற கரை அது. பிள்ளைகள் முழங்கால் ஆழத்தைத் தாண்டக் கூடாது, அதுவும் ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும். நீச்சல் தெரிந்தவர்களும் இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போக வேண்டும். வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் பத்து மாதக் குழந்தைக்கு அதுதான் பெரிய ஆபத்து. குழந்தை மூழ்கும்போது சத்தமே வராது. ‘எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி முறை வையுங்கள். காவல் முறை இருக்கிறவர் குடித்திருக்கக் கூடாது, கையில் போன் வைத்திருக்கக் கூடாது. இதைச் சொன்னால் ஆண்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அம்மாவும் கடலில் கால் நனைக்க ஆசைப்படுவார். அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், இரண்டு பேர் பிடித்திருந்தாலும் நிற்க முடியாது. காய்ந்த மணலில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, ஒரு குடத்தில் கடல் நீரை மொண்டு வந்து பாதத்தில் ஊற்றுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவி விரல் இடுக்கெல்லாம் துடைத்து, காலில் கிளிஞ்சல் கிழித்திருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை உள்ள கால், வலி தெரியாது.

சமையலுக்கு ஆள் வையுங்கள், அல்லது வெளியிலிருந்து வரவழையுங்கள். அண்ணியும் தம்பி மனைவியும் நீங்களும் மூன்று நாள் அடுப்படியில் நின்றால், அம்மாவும் ‘நான் வெங்காயமாவது உரிக்கிறேன்’ என்று எழுந்து வந்துவிடுவார். இரவில் அம்மா அறையில் படுப்பதற்கும் முறை வையுங்கள். மகன்களிடம் கழிவறைக்குத் துணை கேட்க அம்மா கூச்சப்படுவார் என்றால், ஒரு இரவு அண்ணி, ஒரு இரவு வளர்ந்த பேத்தி. ஒன்பது வருடமாக அம்மாவின் ஒவ்வொரு இருமலுக்கும் விழித்துக்கொள்கிறவர் நீங்கள். இரண்டு இரவாவது அந்த மாடி அறையில் நீங்கள் படுத்துத் தூங்குங்கள்.

‘எனக்கு எதுக்குடி பிறந்தநாள்’ என்பதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அறுபதுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று நாம் செய்வதெல்லாம் கணவரின் வயதைக் கணக்கிட்டுத் தம்பதியாக உட்கார வைத்துச் செய்பவை. கணவரை இழந்த ஒரு பெண்ணின் எண்பதுக்குப் பெரும்பாலான வீடுகளில் எதுவுமே கிடையாது. தனக்கென்று ஒரு நாளைக் கேட்டுப் பழகாதவர் அப்படித்தான் பதில் சொல்வார். சாப்பாட்டில் என்ன வேண்டும், எந்தப் புடவை கட்டிக்கொள்வது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். அவருடைய தங்கையோ, கூடப் படித்த தோழியோ யாராவது இருந்தால் ஒருவரையாவது அழைத்து வாருங்கள்.

அண்ணனும் தம்பியும் சொல்வதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், மருத்துவர் சொன்னதாக இருக்கட்டும். தம்பி போய்ப் பார்த்து அளந்து வந்த அன்றே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நான்காம் தடவை கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்: ‘அம்மா, உன் கட்டில்லேர்ந்து பாத்ரூம் ஏழு அடிதான். படி இல்லை. வெஸ்டர்ன்தான். பிடிச்சுக்கக் கைப்பிடி இருக்கு, ராத்திரி பூரா விளக்கு எரியும். அந்த ரூம்ல உன்னோட இன்னும் ஒருத்தர்தான் படுப்போம், வேற யாரும் வர மாட்டாங்க.’